ஒரே ஊரில் வாழாத பேண்ட்

பேவ்மென்ட் என்கிற அமெரிக்க இண்டி ராக் (பெரிய கம்பெனிகளைச் சாராத ராக்) பேண்ட் உயிரோடு இருந்த பத்துப் பதினோரு வருடத்தில், அதன் உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஒரே ஊரில் குடியிருந்த காலம் என்று ஒன்று கிடையாது. பாட்டெழுதுகிறவர் நியூயார்க்கில் இருப்பார், கூட கிட்டார் வாசிக்கிறவர் கலிபோர்னியாவில், டிரம்மர் வர்ஜீனியாவில், இன்னொருத்தர் கென்டக்கியில். வாராவாரம் ஒரு அறையில் கூடி ஒத்திகை பார்ப்பது, சண்டை போடுவது, பீர் குடித்துச் சமாதானம் ஆவது என்று பேண்ட் வாழ்க்கையில் நாம் கற்பனை செய்கிற எதுவும் இவர்களுக்கு வாய்க்கவில்லை. ஆல்பம் பதிவு, இல்லாவிட்டால் டூர், இந்த இரண்டுக்கும்தான் ஒன்றுசேர்வார்கள். வேலை முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் விமானம் ஏறிவிடுவார்கள்.

இவர்களைப் பற்றி எழுதுகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் 'சோம்பேறிகள்', 'எதிலும் அக்கறை இல்லாதவர்கள்' என்றுதான் ஆரம்பிப்பார்கள், எனக்கு அது படித்துப் படித்துச் சலித்துவிட்டது. 1992-க்கும் 1999-க்கும் நடுவில் ஐந்து ஆல்பம், அதற்கு முன்னும் பின்னும் கைநிறைய இ.பி. (நாலைந்து பாட்டு மட்டும் உள்ள சின்ன இசைத்தட்டு), இடைவிடாத டூர். சோம்பேறிகள் இப்படி வேலை பார்ப்பார்களா என்ன? கிட்டார் கொஞ்சம் சுருதி விலகி, பாடுகிறவர் சொல்லைப் பாதியில் விழுங்கி, பாட்டு எந்த நேரமும் கழன்று விழுந்துவிடும் என்பது மாதிரி கேட்கிறதே, அதற்குக் காரணம் சோம்பல் இல்லை, தூரம் என்பது என் கட்சி. அந்தத் தூரம்தான் அவர்களை வளர்த்தது, கடைசியில் முடித்தும் வைத்தது.

கதை தொடங்குவது கலிபோர்னியாவில், ஆனால் சினிமாவில் வருகிற கலிபோர்னியாவில் இல்லை. ஸ்டாக்டன் என்பது கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, விவசாய நிலங்களுக்கு நடுவில் இருக்கிற ஊர். ஸ்டீபன் மால்க்மஸும் ஸ்காட் கேன்பெர்கும் சின்ன வயதிலிருந்தே அங்கே நண்பர்கள். மால்க்மஸ் படிப்புக்காக வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். இரண்டு பேருக்கும் கிட்டார் தெரியும், டிரம்மர் கிடையாது, பேஸ் (கீழ்ச்சுருதிக் கிட்டார்) வாசிக்கவும் ஆள் இல்லை. 1989 ஜனவரியில் ஊரிலேயே ஒருத்தர் வீட்டில் வைத்திருந்த ஸ்டூடியோவுக்குப் போனார்கள். அந்த ஒருத்தர்தான் கேரி யங். இவர்களைவிடப் பத்துப் பதிமூன்று வயது மூத்தவர், பழைய ஹிப்பி, எழுபதுகளின் ப்ரோக்ரெஸிவ் ராக் பைத்தியம். பையன்கள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, சரி நானே டிரம்ஸ் வாசிக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

அப்படி வந்ததுதான் 'ஸ்லே ட்ராக்ஸ்' என்ற முதல் இ.பி. மொத்தச் செலவு 800 டாலர், அச்சடித்தது 1000 பிரதி, லேபிள், அதாவது இசைத்தட்டை வெளியிடுகிற கம்பெனியின் பெயரும் அவர்களே வைத்துக்கொண்டது. உறையில் முழுப்பெயர் போடவில்லை, எஸ்.எம். (மால்க்மஸ்) என்றும் ஸ்பைரல் ஸ்டேர்ஸ் (கேன்பெர்க்) என்றும் மட்டும் இருக்கும். பதிவு முடிந்த கையோடு மால்க்மஸ் ஊர் சுற்ற வெளிநாடு கிளம்பிவிட்டார். இசைத்தட்டை அச்சுக்குக் கொடுத்தது, பார்சல் கட்டியது, சின்னச் சின்னப் பத்திரிகைகளுக்கு அனுப்பியது எல்லாம் கேன்பெர்க். பேண்டின் முதல் வாரத்திலேயே ஒருத்தர் எங்கோ இருக்கிறார், இன்னொருத்தர் வேலையைப் பார்க்கிறார். கடைசிவரைக்கும் பெரிய மாற்றம் இல்லை.

இந்தக் கேன்பெர்க் இல்லாவிட்டால் பேவ்மென்ட் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. மால்க்மஸ் மேதை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேதைகளின் டேப்புகள் எத்தனையோ பேர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. யாராவது ஒருத்தர் தபால் தலை ஒட்டி அனுப்பினால்தான் அது பேண்ட். அப்படி அனுப்பிய இ.பி. கடல் தாண்டிப் போய், இங்கிலாந்தில் த வெட்டிங் ப்ரெசென்ட் என்ற பேண்ட் அதிலிருந்த ஒரு பாட்டைத் தாங்களே வாசித்து 1990-இல் வெளியிட்டார்கள். இதை நினைத்துப் பாருங்கள். இன்னும் ஒழுங்காக மேடையே ஏறாத பேண்ட், உறுப்பினர்கள் யாரென்றே வெளியே தெரியாது, அவர்கள் பாட்டை வேறு நாட்டில் வேறு ஆட்கள் பாடுகிறார்கள். பி.பி.சி. வானொலியில் புதுப் பேண்டுகளை அறிமுகப்படுத்துகிற ஜான் பீலும் இவர்கள் பாட்டைப் போட ஆரம்பித்தார். சிகாகோவில் அப்போதுதான் முளைத்திருந்த டிராக் சிட்டி லேபிள் அடுத்த இ.பி.-க்களை வெளியிட முன்வந்தது.

மால்க்மஸ் இதற்குள் நியூயார்க் பக்கம் குடிபெயர்ந்திருந்தார். விட்னி அருங்காட்சியகத்தில் காவலாளி வேலை. கூடவே அதே வேலையில் கல்லூரி நண்பர் டேவிட் பெர்மன், கவிஞர். பின்னாளில் பேவ்மென்டின் டிரம்மர் ஆன ஸ்டீவ் வெஸ்ட்டும் அங்கேதான் காவல் காத்தார். நாள் முழுக்க ஓவியங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதற்குச் சம்பளம், பாட்டெழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல வேலை இருக்க முடியாது என்று நினைக்கிறேன். பெர்மன், மால்க்மஸ், இன்னொரு கல்லூரி நண்பர் பாப் நஸ்டானோவிச் மூன்று பேரும் சேர்ந்து சில்வர் ஜ்யூஸ் என்றொரு பேண்டும் வைத்திருந்தார்கள். பேவ்மென்ட் பிரபலமானதும் அதைப் பேவ்மென்டின் கிளை என்றே எல்லோரும் எழுதினார்கள், பாட்டெழுதிய பெர்மனுக்கு அது கடைசிவரை உறுத்தியது. நியாயமான உறுத்தல்தான். (பெர்மன் 2019-இல் இறந்துபோனார். அவர் எழுதிய வரிகளுக்குத் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும், இங்கே அதற்கு இடமில்லை.)

முதல் ஆல்பம் 'ஸ்லான்டட் அண்ட் என்சான்டட்'. மறுபடியும் ஸ்டாக்டன், மறுபடியும் கேரி யங் ஸ்டூடியோ, வாசித்தது மூன்றே பேர். பேஸ் வாசிப்பவர் இல்லை. கீழ்ச்சுருதியில் ஏதோ உறுமுகிறதே என்று காது கொடுத்துக் கேட்டால் அதுவும் கிட்டார்தான். முதல் பாட்டின் முதல் சில நொடிகளைக் கேளுங்கள். இரண்டு கிட்டாரும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, அதில் ஒன்றின் குரல் கிழிந்து போய், டிரம்ஸ் மட்டும் பெரிய அரங்கத்தில் வாசிப்பதுபோல் அகலமாக விழும். கேரி யங் இந்தப் பையன்கள் கேட்டு வளர்ந்த இசையைக் கேட்டு வளர்ந்தவர் இல்லை, அவர் பாட்டுக்கு எழுபதுகளின் டிரம் உருட்டல்களை உருட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பொருந்தாமைதான் ஆல்பத்தின் அழகு. தன் வயதுக்காரனை, தன் ரசனைக்காரனை டிரம்மராகப் போட்டிருந்தால் இன்னொரு நல்ல கல்லூரி பேண்ட் ஆல்பம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இதில் சில பாட்டுகள் இங்கிலாந்தின் த ஃபால் பேண்டிடமிருந்து அப்பட்டமாக எடுத்தவை. ஃபாலின் பாடகர் மார்க் ஈ. ஸ்மித் இவர்களுக்குச் சொந்தமாக ஒரு யோசனைகூட இல்லை என்றே திட்டினார். கேட்டால் அவர் பக்கம் நியாயம் இருப்பது தெரியும். ஆனாலும் ஸ்மித்தின் கடுகடுப்பை எடுத்து அதன்மேல் கலிபோர்னியா வெயிலைக் கொட்டுவது என்பதும் ஒரு வேலைதான், வெறும் நகல் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

ஆல்பம் 1992 ஏப்ரலில் மேட்டடோர் லேபிளில் வந்தது. அதற்கு வெகு முன்பே அதன் கேசட் நகல் விமர்சகர்கள் கையில் சுற்றிக்கொண்டிருந்தது, வெளிவராத ஆல்பத்துக்கு விமர்சனம் வந்த கூத்தெல்லாம் நடந்தது. காலமும் கைகொடுத்தது. 1991 இலையுதிர் காலத்தில் நிர்வாணா என்ற பேண்டின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்து ஊரையே கலக்கியிருந்தது. பெரிய லேபிள்கள் எல்லாம் செக் புத்தகத்தோடு சின்ன கிளப்புகளில் உட்கார்ந்து அடுத்த நிர்வாணா எங்கே என்று தேடிக்கொண்டிருந்தன. பேவ்மென்ட் மேட்டடோரிலேயே இருந்துவிட்டது.

இதில் தியாகம் எதுவும் இல்லை, கணக்குதான். பெரிய லேபிள் கொடுக்கிற அட்வான்ஸ் பரிசுப் பணம் இல்லை, அது கடன். ஸ்டூடியோ செலவு, வீடியோ செலவு, விளம்பரச் செலவில் ஒரு பங்கு எல்லாவற்றையும் பேண்டின் பங்கிலிருந்து கழித்துக்கொண்ட பிறகுதான் ராயல்டி என்று ஒன்று கண்ணில் படும், நிறைய பேருக்கு அது கடைசிவரை கண்ணில் படவே படாது. குறைந்த செலவில் பதிவு செய்துவிட்டு, லாபத்தைச் சின்ன லேபிளோடு பங்கு போட்டுக்கொள்கிற பேண்டுக்கு அதைவிட எத்தனையோ மடங்கு குறைவாக விற்றாலும் வாடகை கொடுக்க முடியும். 800 டாலரில் இசைத்தட்டு போட்டுப் பழகியவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய மூளை தேவையில்லை. வேலைக்கு ஆள் வைத்து அவர்களைச் சந்தோஷப்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லாதவன் மட்டும்தான் மேடையில் அலட்சியமாக நிற்க முடியும். அந்த அலட்சியத்துக்குப் பின்னால் இருந்தது செலவைக் கட்டுக்குள் வைத்திருந்த சிக்கனம்.

மேடைக் கதைகளுக்கு வருவோம். கேரி யங் டூரில் ஒரு தனிக் காட்சி. நிகழ்ச்சிக்கு வருகிறவர்களை அரங்கத்தின் வாசலிலேயே நின்று வரவேற்று முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு மசியல், ரொட்டி என்று எதையாவது கையில் கொடுப்பார். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவனுக்கு இந்த ஆள் யாரென்று தெரியாது, முட்டைக்கோஸோடு போய் நிற்பான், அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே ஆள் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். பாட்டுக்கு நடுவில் எழுந்து வந்து தலைகீழாக நிற்பார். நிறையக் குடிப்பார். குடித்தால் தாளம் தப்பும். இதற்குத் தீர்வாக இவர்கள் செய்ததுதான் பேவ்மென்ட் சரித்திரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம். டிரம்மரை மாற்றவில்லை. இன்னொரு டிரம்மரைச் சேர்த்தார்கள். கல்லூரி நண்பர் பாப் நஸ்டானோவிச்சைக் கூட்டிவந்து இரண்டாவது டிரம் செட்டில் உட்காரவைத்து, கேரி எங்கேயாவது வழிதவறினால் நீ பிடித்துக்கொள் என்றார்கள்.

நஸ்டானோவிச் பெரிய வாத்தியக்காரர் ஒன்றும் கிடையாது. அடிப்பார், குலுக்குவார், கீபோர்டில் இரண்டு ஸ்வரம் தட்டுவார், மால்க்மஸின் தொண்டை தாங்காது என்கிற இடங்களில் முன்னால் வந்து நின்று கத்துவார். நேரலைப் பதிவுகளைப் பார்த்தால், மேடையிலேயே ரொம்பச் சந்தோஷமாக இருப்பவர் அவர்தான் என்பது தெரியும். இசையறிவை வைத்து மட்டும் ஆள் எடுத்தால் முதல் சுற்றிலேயே இவரை அனுப்பியிருப்பார்கள். ஆனால் வருடத்தில் பாதி நாள் ஒருத்தரையொருத்தர் பார்க்காத ஐந்து பேரை ஒரு வேனில் ஏற்றினால், அந்த வேனுக்குள் சிரிப்பு வரவைக்கிற ஒருத்தர் இருக்க வேண்டும். அந்த உத்தியோகம் அவருடையது. பேஸுக்கு மார்க் ஐபோல்ட் வந்தார், எப்போதும் புன்னகையோடு, எந்த வம்புக்கும் போகாமல்.

1993-இல் கேரி யங் விலகினார். குடி, பணத்தைப் பற்றிய மனத்தாங்கல், எல்லாம் சேர்ந்து. ஸ்டீவ் வெஸ்ட் வந்தார். அதோடு பேண்ட் கொஞ்சம் தெளிந்தது. மோசமாகவா நன்றாகவா என்று இன்றைக்கும் ரசிகர்கள் அடித்துக்கொள்வார்கள்.

1994-இல் 'க்ரூக்கட் ரெய்ன், க்ரூக்கட் ரெய்ன்'. நியூயார்க்கில் பதிவு செய்தது. இரைச்சல் குறைந்து மெட்டுகள் மேலே வந்தன, கொஞ்சம் எழுபதுகளின் வானொலிப் பாட்டு வாசனை. இதில்தான் 'கட் யுவர் ஹேர்' இருக்கிறது, இவர்கள் உண்மையான ஹிட் ஒன்றுக்குப் பக்கத்தில் போன ஒரே முறை. பில்போர்டின் மாடர்ன் ராக் பட்டியலில் 10-ஆவது இடம், எம்.டி.வி.-யில் வீடியோ, ஜே லெனோவின் டி.வி. நிகழ்ச்சியில் மேடை. பாட்டு எதைப் பற்றி என்றால், முடிவெட்டு எப்படி இருக்க வேண்டும், தோற்றம் எப்படி இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிற பேண்டுகளைப் பற்றி. தொழில் வாழ்க்கை என்ற ஒரே சொல்லைக் கடைசியில் திரும்பத் திரும்பக் கத்துவார் மால்க்மஸ். அதை வைத்தே ஒரு தொழில் வாழ்க்கை அமைகிற நிலைமை வந்தது என்றால் அவர் என்ன செய்வார், பாவம்.

அதே ஆல்பத்தில் இன்னொரு பாட்டில் ஸ்மாஷிங் பம்ப்கின்ஸையும் ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸையும் பெயர் சொல்லிச் சீண்டியிருந்தார். பம்ப்கின்ஸின் பில்லி கோர்கனுக்கு அது பிடிக்கவில்லை என்பது ஊரறிந்த கதை. அந்த வருடம் லாலபலூஸா என்ற ஊர் ஊராகப் போகிற பெரிய ராக் விழாவுக்குத் தலைமை பேண்ட் பம்ப்கின்ஸ்தான், பேவ்மென்ட் அதில் இல்லை. கிண்டல் பாட்டு என்று பலரும் இதைச் சொல்வார்கள், எனக்கு என்னவோ அது சோர்வின் பாட்டாகத்தான் படுகிறது. டூர் போய்க் களைத்த ஒருத்தன், வீட்டில் தங்கிவிட ஆசைப்படுகிறான், எதிர்ப்படுகிற எல்லோர்மேலும் எரிந்துவிழுகிறான்.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி மேனேஜர் இருந்திருந்தால் அடுத்த ஆல்பத்தில் இன்னும் நாலு 'கட் யுவர் ஹேர்' போடச் சொல்லியிருப்பார். வந்ததோ 'வாவீ ஸோவீ', 1995-இல். 18 பாட்டு. கன்ட்ரி, பங்க், ஒரு நிமிட அலறல், தாலாட்டு, எல்லாம் ஒரே சாக்கில். இரண்டு இசைத்தட்டாக வந்தது, ஆனால் மூன்று பக்கத்தில்தான் பாட்டு, நாலாவது பக்கம் வெறுமை. விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள், வெற்றியைக் கண்டு பயந்து வேண்டுமென்றே காலில் சுட்டுக்கொண்டார்கள் என்று எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒத்திகை அறையே இல்லாத பேண்ட் இது. ஸ்டூடியோவுக்கு வரும்போதுதான் எல்லோரும் பாட்டையே முதன்முதலாகக் கேட்கிறார்கள். அப்படிப்பட்ட ஆட்களின் உண்மையான நாட்குறிப்பு 'வாவீ ஸோவீ' மாதிரிதான் இருக்கும். 'க்ரூக்கட் ரெய்ன்' ஒழுங்காக வந்ததுதான் ஆச்சரியம்.

அந்த வருடம் லாலபலூஸாவில் இடம் கிடைத்தது. சோனிக் யூத் தலைமை, ஹோல், சைப்ரஸ் ஹில், பெக் என்று பட்டியல். வெட்டவெளியில், பகல் வெயிலில், வேறு யாரையோ பார்க்க வந்த ஆயிரக்கணக்கான பேருக்கு முன்னால் பேவ்மென்ட் எடுபடவில்லை. மேற்கு வர்ஜீனியாவில் நடந்தது வீடியோவாகவே இருக்கிறது. கூட்டம் சேற்றை உருட்டி எறிய ஆரம்பித்தது, கல்லும் வந்தது. கொஞ்ச நேரம் தாங்கிப் பார்த்துவிட்டு வாத்தியத்தைப் போட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். கேன்பெர்க் போகும் முன் திரும்பி நின்று கூட்டத்துக்குத் தன் பின்புறத்தைக் காட்டிவிட்டுப் போனார். இவர்கள் எந்த அளவுக்கு மேல் வளர மாட்டார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்வேன். மூவாயிரம் பேர் அரங்கத்தில் இவர்கள் ராஜா, முப்பதாயிரம் பேருக்கு முன்னால் ஒன்றுமில்லை. நிறைய பேண்டுகள் இந்த உண்மையை ஒப்புக்கொள்ள மறுத்தே அழிந்திருக்கின்றன. இவர்கள் தோளைக் குலுக்கிக்கொண்டு அடுத்த ஆல்பத்துக்குப் போனார்கள்.

'ப்ரைட்டன் த கார்னர்ஸ்' 1997-இல் வந்தது. வட கரோலினாவில் மிட்ச் ஈஸ்டரின் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். ஈஸ்டர்தான் ஆர்.ஈ.எம்.-மின் ஆரம்பகால ஆல்பங்களைத் தயாரித்தவர், இவர்கள் இளவயதில் கும்பிட்ட பேண்ட் அது. அமைதியான, முதிர்ந்த, நன்றாகத் துலக்கிய ஆல்பம். கேன்பெர்கின் இரண்டு பாட்டு இதில் இருக்கிறது. இந்தக் கணக்கைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு ஆல்பத்திலும் அவருக்கு ஒன்று இரண்டு பாட்டு கிடைக்கும். 1999-இல் வந்த கடைசி ஆல்பம் 'டெரர் ட்விலைட்'டில் ஒன்றுகூட இல்லை.

அந்தக் கடைசி ஆல்பத்துக்குத் தயாரிப்பாளர் நைஜெல் காட்ரிச். ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' செய்துவிட்டு வந்தவர், எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்கிற ஆள். ரேடியோஹெட்டின் ஜானி கிரீன்வுட்டைக் கூட்டிவந்து இரண்டு பாட்டில் ஹார்மோனிகா வாசிக்க வைத்தார். சில பாட்டுகளில் வெஸ்ட்டுக்குப் பதில் வேறொரு டிரம்மரை வைத்து முடித்தார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மால்க்மஸும் காட்ரிச்சும் சேர்ந்து செய்த ஆல்பம், மற்ற நாலு பேர் அதில் விருந்தாளிகள். தூரத்தில் இருக்கிற நண்பர்கள் சேரும்போது தப்பும் தவறுமாக ஏதோ நடக்கும், அதைச் சகித்துக்கொள்ளலாம், ரசிக்கவும் செய்யலாம். கச்சிதம் வேண்டும் என்று ஒருத்தர் முடிவெடுத்துவிட்டால், தூரத்திலிருந்து வருகிறவனுக்கு அங்கே வேலை இல்லை. ஆளுக்கொரு ஊர் என்ற ஏற்பாட்டின் விலை அப்போதுதான் தெரிந்தது. பேசித் தீர்த்துக்கொள்ளத் தினசரிப் பழக்கம் இருக்க வேண்டும், இவர்களுக்கு இருந்ததெல்லாம் டூர் தேதிகள்தான். அலுவலகப் பிரச்சினையையாவது மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது கிளறலாம்.

1999 நவம்பர் 20, லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமி. மால்க்மஸ் ஒரு கைவிலங்கை மைக் கம்பத்தில் மாட்டி வைத்திருந்தார். இத்தனை வருடம் பேண்டில் இருப்பது எப்படி இருந்தது என்பதற்கு இதுதான் அடையாளம் என்று கூட்டத்திடம் சொன்னார். பக்கத்திலேயே கேன்பெர்க் நிற்கிறார், நஸ்டானோவிச் நிற்கிறார், பத்து வருட நண்பர்கள். எனக்கு இது எப்போதும் ஒப்புக்கொள்ள முடியாத ஒரு காரியம். வெறுத்துப்போவது யாருக்கும் நடக்கிறதுதான். அதை வேனில் சொல்லியிருக்கலாம், ஓட்டல் அறையில் சொல்லியிருக்கலாம், முதலில் அவர்களிடம் சொல்லியிருக்கலாம். முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேரிடம் சொல்வது சுலபமாக இருந்தது என்றால், பேண்டுக்குள் பேச்சு எந்த அளவுக்கு இருந்தது என்று நாமே புரிந்துகொள்ளலாம்.

அதன்பின் ஆளுக்கொரு வழி. மால்க்மஸ் போர்ட்லண்டில் இருந்துகொண்டு 2001-இல் சொந்தப் பெயரில் ஆல்பம் போட்டு, ஜிக்ஸ் என்ற பேண்டோடு தொடர்ந்தார். கேன்பெர்க் ப்ரெஸ்டன் ஸ்கூல் ஆஃப் இண்டஸ்ட்ரி என்று புதுப் பேண்ட் தொடங்கினார், ஒதுக்கப்பட்ட பாட்டுகளுக்கு ஒருவழியாக வீடு கிடைத்தது. ஐபோல்ட் பிற்பாடு சோனிக் யூத்துக்குப் பேஸ் வாசிக்கப் போனார். வெஸ்ட் வர்ஜீனியாவில் கல் கட்டுமானக் கொத்தனார். நஸ்டானோவிச் குதிரைப் பந்தய உலகத்தில் வேலை தேடிக்கொண்டார், அது அவருக்கு இசையைவிடப் பழைய காதல். ராக் நட்சத்திரங்கள் ஓய்வு பெற்றபின் என்ன செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால் நான் காட்டுகிற பட்டியல் இது.

2010-இல் ஒரு வருடத்துக்கு மட்டும் மறுபடி சேர்ந்தார்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க் நிகழ்ச்சிக்கு ஒரு வருடம் முன்பே டிக்கெட் விற்றார்கள், நிமிடக் கணக்கில் தீர்ந்துபோய் மேலும் நாட்கள் சேர்த்தார்கள். புதுப் பாட்டு ஒன்றும் இல்லை. டூர் முடிந்தது, மறுபடி வீட்டுக்கு.

அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. 'ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்' என்று ஒரு பாட்டு. 'ப்ரைட்டன் த கார்னர்ஸ்' பதிவின்போது எடுத்து, ஆல்பத்தில் சேர்க்காமல், 1999-இல் ஒரு இ.பி.-யின் பின்பக்கத்தில் தூக்கிப்போட்டது. தீவிர ரசிகர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. ஸ்பாட்டிஃபை நாம் கேட்கிற பாட்டு முடிந்ததும் தானாக அடுத்ததை ஓட்டுகிறதே, அந்த ஏற்பாடு எப்படியோ இந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டது. பேவ்மென்ட் பேரையே கேள்விப்படாதவர்கள் காதில் எல்லாம் விழுந்தது. 2020-இல் டிக்டாக்கில் இளவட்டங்கள் அதற்கு ஆட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு ஸ்பாட்டிஃபையில் பேவ்மென்டின் எல்லாப் பாட்டுக்கும் மேலே நிற்பது இந்தத் தூக்கிப்போட்ட பாட்டுதான், 'கட் யுவர் ஹேர்' எல்லாம் அதற்குக் கீழே. எந்தப் பாட்டு ஆல்பத்தில் வர வேண்டும், எது பின்பக்கத்துக்குப் போக வேண்டும் என்பதில் மால்க்மஸின் தீர்ப்பு எவ்வளவு சரி என்று எனக்குப் பழைய சந்தேகம் ஒன்று உண்டு, இயந்திரம் வந்து என் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது.

கொரோனா தள்ளிப்போட்ட இரண்டாவது மறுசேர்க்கை 2022-இல் நடந்தது, பார்சிலோனாவின் ப்ரிமவேரா விழாவிலும் வாசித்தார்கள். இந்த முறை கீபோர்டுக்கு ரெபெக்கா கோல் சேர்ந்தார், 2010-ஐவிட இறுக்கமாக, முக்கியமாகச் சிரித்துக்கொண்டு வாசித்தார்கள். முன்வரிசையில் இருபது வயதுக்காரர்கள், அவர்கள் கத்திக் கேட்டதும் அந்தப் பின்பக்கப் பாட்டைத்தான். கேரி யங் 2023 ஆகஸ்டில், 70 வயதில் காலமானார். அதற்குச் சில மாதம் முன்பு அவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று திரையிடப்பட்டிருந்தது. பேண்டைப் பற்றி அலெக்ஸ் ராஸ் பெரி எடுத்த படம் 2024-இல் வெனிஸ் விழாவுக்குப் போனது, அதில் பாதி நிஜம், பாதி வேண்டுமென்றே செய்த போலி வாழ்க்கைப் படம், நடுவில் ஒரு மேடை இசை நாடகம் வேறு. ரசிகர்களுக்கு விருந்து, மற்றவர்களுக்குத் தலைசுற்றல்.

புதிதாகக் கேட்கிறவர்கள் எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால், எல்லோரும் 'ஸ்லான்டட்' என்பார்கள், நான் 'க்ரூக்கட் ரெய்ன்' என்பேன். அது பிடித்தால் பின்னால் போய் 'ஸ்லான்டட்', அதற்குள் காது அந்த இரைச்சலுக்குப் பழகியிருக்கும். 'ப்ரைட்டன் த கார்னர்ஸ்' நிதானமான மனநிலைக்கு. 'டெரர் ட்விலைட்'டைக் கேட்பதாக இருந்தால் 2022-இல் வந்த பெரிய மறுபதிப்பில் கேளுங்கள், காட்ரிச் முதலில் போட்டு வைத்து மற்றவர்கள் மாற்றிய பாட்டு வரிசை அதில் திரும்ப வந்திருக்கிறது, ஆல்பமே வேறாகத் தெரிகிறது. 'வாவீ ஸோவீ'யைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை கேட்டால் பாதி பிடிக்காது. எந்தப் பாதி என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதை வைத்தே பேவ்மென்ட் ரசிகர்கள் விடிய விடியச் சண்டை போடுவார்கள். நான் 'கென்னல் டிஸ்ட்ரிக்ட்' கட்சி. எழுதியது கேன்பெர்க்.